ருஃபைதா: ஒரு பெயரின் பொருளும் பெருமையும்

குழந்தை பிறந்த ஏழாம் நாளில் முடி களைந்து, அகீகா கொடுத்து, நல்லதொரு பெயரைச் சூட்டி மகிழ்வது முஸ்லிம் இல்லங்களில் வழிவழியாக நடந்துவரும் மரபாகும். முன்னாளில் இப்பெயர் தேர்வில் பெரிய ஆராய்ச்சி எதுவும் இருந்ததில்லை. பாட்டனாரின் பெயர் பேரனுக்கும் பாட்டியாரின் பெயர் பேத்திக்கும் சென்று சேரும். ஆயிஷா, ஃபாத்திமா, கதீஜா, ஸைனப், மர்யம் என்னும் பெயர்களே தலைமுறை தலைமுறையாகப் பெண் குழந்தைகளுக்கு வாய்த்தன. அவையும் மக்கள் நாவில் பாத்தும்மாள், கதீசா பீவி, செய்னம்பு எனத் தமிழ் வடிவம் பெற்று நம் வீட்டுப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. அண்டை வீட்டில் இல்லாத பெயராக, வகுப்பில் வேறு எவருக்கும் அமையாத பெயராக வேண்டும் என்று பெற்றோர் விரும்புகின்றனர். அவ்வாறு அரிய பெயரைத் தேடும்போது ஓசை இனிமையைக் கருதும் அளவிற்குப் பொருளைக் கருதுவோர் குறைவு. அரிய பெயர்களுள் ஒன்றான 'ருஃபைதா' என்பதனை எடுத்துக்கொண்டு, அதன் பொருள், வரலாறு, வழக்கு ஆகியவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாணவியின் விண்ணப்பம்

இப்பெயரை ஆராயுமாறு என்னைத் தூண்டியவர் என்னிடம் தமிழ் பயின்ற ஒரு மாணவி. இறுதியாண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில் ஒருநாள் அவர் தயங்கித் தயங்கித் துறைக்கு வந்தார். கையில் நான்கு சான்றிதழ்கள் இருந்தன. ஒன்றில் அவர் பெயர் 'ருபைதா' என்றும், மற்றொன்றில் 'ரூபைதா' என்றும், மூன்றாவதில் 'ரபீதா' என்றும், நான்காவதில் 'சுபைதா' என்றும் எழுதப்பட்டிருந்தன. எழுதியவர்கள் மீது குறை கூறிப் பயனில்லை. தாம் முன்பின் கேட்டறியாத பெயரைக் காதில் விழுந்தவாறு எழுதிவிட்டனர்.

"ஐயா, பேசாமல் எல்லாவற்றிலும் ஸுபைதா என்றே மாற்றிக்கொள்கிறேன். அந்தப் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. என் பெயருக்கு என்ன பொருள் என்று எனக்கே தெரியாது. பெயர் வைத்த பாட்டனாரும் நான் சிறு குழந்தையாக இருந்தபோதே மறைந்துவிட்டார். பெயர் மாற்றத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தாருங்கள்" என்றார்.

"இரண்டு வாரம் பொறுங்கள் அம்மா, அதன்பின் எழுதுவோம்" என்று சொல்லி அனுப்பினேன். அந்த இரண்டு வாரங்களில் அரபுத் துறை நண்பர்களின் துணையோடு நான் அறிந்துகொண்டவையே இங்கே கட்டுரையாகின்றன.

இடுகுறியா, காரணமா?

தமிழிலக்கணம் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகைப்படுத்தும். காரணம் கருதாது இட்டு வழங்குவது இடுகுறி. காரணம் பற்றி வருவது காரணப்பெயர். மக்கட் பெயர்களை இந்த அளவுகோலால் அளந்தால் ஓர் உண்மை புலப்படும். பெயர் சூட்டுவோருக்கு அது காரணப்பெயர். பொருளறியாது தாங்குவோருக்கு அது இடுகுறிப்பெயர். வைத்தவர் உள்ளத்தில் இருந்த காரணம் தாங்குபவருக்குச் சொல்லப்படாமற் போகும்போது, பொருள் பொதிந்த பெயரும் வெற்றோசையாகிவிடுகிறது. மேற்சொன்ன மாணவிக்கு நேர்ந்தது இதுவே.

வேர்ச்சொல்லும் அதன் குடும்பமும்

அரபுச் சொற்களிற் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்துகளாலான வேரிலிருந்து கிளைப்பவை. ருஃபைதா என்னும் பெயர் 'ர - ஃப - த' என்னும் வேரிலிருந்து வந்தது. கொடுத்தல், துணை நிற்றல், தாங்குதல் என்பன இவ்வேரின் அடிப்படைப் பொருள்கள். இதிலிருந்து பிறந்த சொற்கள் ஒவ்வொன்றும் அரபு மக்களின் வாழ்க்கையை நம் கண்முன் நிறுத்துகின்றன.

'ரிஃப்த்' என்றால் கொடை. திருமறையில் இவ்வேர் ஹூத் அத்தியாயத்தின் 99ஆம் வசனம் ஒன்றில் மட்டுமே இடம்பெறுகிறது. அங்கே ஃபிர்அவ்னின் கூட்டத்தாருக்குக் கிட்டிய சாபத்தைக் 'கொடை' என்று எதிர்மறை நயத்தோடு குறிக்க இச்சொல் ஆளப்பட்டுள்ளது. இச்சொல் பெரிய பாற்கலத்தையும் குறிக்கும். ஒரே கறவையில் அத்தகைய கலம் நிறையப் பால் பொழியும் பெண் ஒட்டகத்திற்கு 'ரஃபூத்' என்று பெயர். பாலைநில மக்களுக்கு இதனினும் பெரிய கொடை வேறு என்ன இருக்க முடியும்?

'ரிஃபாதா' என்பது இஸ்லாத்திற்கு முற்பட்ட மக்காவில் நிலவிய ஒரு பொறுப்பின் பெயர். குறைஷியரின் முன்னோரான குஸை என்பார், தம் குலத்தாரிடம் ஆண்டுதோறும் பொருள் திரட்டி, கஅபாவை நாடிவரும் பயணிகளுக்கு உணவளிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். அப்பொறுப்பு பின்னர் பெருமானாரின் பூட்டனாரான ஹாஷிமிடம் வந்தது. அம்ர் என்னும் இயற்பெயருடைய அவர், ரொட்டியைப் பிட்டுக் குழம்பிலிட்டுப் பயணிகளுக்கு ஊட்டியமையால் 'பிட்டவர்' என்னும் பொருளில் ஹாஷிம் எனப்பட்டார் என்பர். விருந்தோம்பலை வாழ்வின் பயனாகக் கருதும் தமிழர்க்கு ரிஃபாதாவின் உயர்வை விரித்துரைக்க வேண்டியதில்லை.

'ராஃபித்' என்பது பேராற்றோடு வந்து கலந்து அதற்கு நீர்வளம் சேர்க்கும் துணையாறு. திஜ்லா, ஃபுராத் என்னும் இரு நதிகளையும் 'ராஃபிதான்' என்றும், அவை பாயும் இராக் நாட்டை 'பிலாதுர் ராஃபிதைன்' என்றும் அரபு மக்கள் இன்றும் வழங்குகின்றனர்.

இன்னுமொரு பொருள் மிகவும் வியப்பிற்குரியது. 'ரிஃபாதா' என்னும் சொல்லுக்குச் சேணத்தின் அடியில் வைத்துத் தாங்கும் மெத்தை என்றும், காயத்தின்மேல் வைத்து அதனைத் தாங்கும் துணி என்றும் அரபு அகராதிகள் பொருள் கூறுகின்றன. இவ்வியப்பின் காரணம் பின்னர்த் தெளிவாகும்.

குறுக்கத்தில் விளையும் அன்பு

அரபு மொழியில் ஒரு சொல்லைச் சிறுமைப் பொருளில் குறுக்கி வழங்கும் முறைக்குத் 'தஸ்கீர்' என்று பெயர். நாம் 'குட்டி' என்று சேர்த்து அன்பு பாராட்டுவது போன்றது இது. ஹஸன் என்பது ஹுஸைன் ஆவதும், உமர் என்பது உமைர் ஆவதும், ஹம்ரா என்பது ஹுமைரா ஆவதும் இம்முறையாலேதான். இவ்வாறே கொடை, உதவி என்னும் பொருளுடைய மூலச்சொல் குறுகி 'ருஃபைதா' ஆயிற்று. 'சிறு கொடை', 'அன்பிற்குரிய துணை' என்று இதனைத் தமிழாக்கலாம்.

இங்கு ஓர் இலக்கண நுட்பத்தையும் குறிப்பிட வேண்டும். 'ராஃபிதா' என்பதன் குறுக்கமே ருஃபைதா என்று சிலர் கருதுவர். முதலெழுத்து நெடிலாக உள்ள அத்தகைய சொற்கள் பொதுவிதிப்படி வேறுவகையாகக் குறுகும். 'ஜாரியா' என்பது 'ஜுவைரியா' ஆவதைக் காண்க. அவ்விதிப்படி ராஃபிதா 'ருவைஃபிதா' என்றே ஆகவேண்டும். ஆகவே ராஃபிதாவும் ருஃபைதாவும் ஒரு வேரில் கிளைத்த உடன்பிறப்புகளேயன்றி, ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியதன்று.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

இப்பெயரைத் தாங்கி வரலாற்றில் நிலைபெற்றவர் அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 627இல், மதீனா நகரை எதிரிகள் முற்றுகையிட்டபோது அகழ்ப்போர் நிகழ்ந்தது. அவ்ஸ் குலத்தலைவரான ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையிலுள்ள பெருநரம்பில் அம்பு தைத்துக் குருதி பெருகியது. அவரை ருஃபைதாவின் கூடாரத்தில் சேர்க்குமாறும், தாம் அருகிருந்து சென்று நலம் கேட்க அதுவே வாய்ப்பானது என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

அந்தக் கூடாரம் நபிகளாரின் பள்ளிவாசலிலேயே அமைந்திருந்தது. அங்கே அப்பெண்மணி காயமுற்றோருக்கு மருந்திட்டு வந்தார்; கவனிப்பாரற்றுக் கிடந்தவர்களுக்குத் தொண்டு செய்வதை இறைவனிடம் கூலியை எதிர்பார்த்த அறமாக மேற்கொண்டிருந்தார். இப்னு இஸ்ஹாக்கின் வரலாற்று நூல் வழியாக இச்செய்தி நமக்குக் கிடைக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வழியே செல்லும்போதெல்லாம் காலையிலும் மாலையிலும் ஸஅத் (ரலி) அவர்களின் நலத்தை வினவிய செய்தியை இமாம் புகாரி அவர்கள் தமது 'அல் அதபுல் முஃப்ரத்' என்னும் நூலில் ருஃபைதாவின் பெயரைக் குறிப்பிட்டே பதிவு செய்துள்ளார்கள்.

இப்போது மேலே நாம் கண்ட அகராதிப் பொருளை நினைவுகூர்க. காயத்தைத் தாங்கும் துணி ரிஃபாதா. காயமுற்றோரைத் தாங்கியவர் ருஃபைதா. பெயரும் செயலும் இங்ஙனம் ஒருங்கே அமைவது அரிதினும் அரிது. பெற்றோர் இட்ட பெயருக்கு அவர் தம் தொண்டினால் புதிய காரணத்தை உண்டாக்கினார் என்று சொல்வதே பொருந்தும்.

இப்பணியில் அவர் தனித்து நின்றவரல்லர். ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி), உம்மு அத்திய்யா (ரலி) முதலான பெண்மணிகளும் போர்க்களங்களில் தண்ணீர் வழங்கிக் காயங்களுக்கு மருந்திட்டுள்ளனர். உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் இத்தகைய பணி ஆற்றியதாக நபிமொழி நூல்கள் கூறும். ஆயினும் நோயாளிகளுக்கென ஓர் இடம் அமைத்துப் பணிபுரிந்த வகையில் ருஃபைதா (ரலி) சிறப்பிடம் பெறுகிறார். நவீன செவிலியத்தின் தாய் எனப் போற்றப்பெறும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கிரீமியப் போரில் காயமுற்றோரைப் பேணச் சென்றது 1854ஆம் ஆண்டில். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னரே மதீனாவில் எழுந்த கூடாரம் ஒன்று இப்பணிக்கு முன்னோடியாக நின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புகழின் வழி வேறு

இத்தகைய பெருமை இருந்தும் இப்பெயர் ஏன் பரவவில்லை? இதற்குக் காரணம் பெயரிடம் இல்லை. பெயர்கள் புகழ்பெறும் வழியில் இருக்கிறது.

மாணவி விரும்பிய ஸுபைதா என்னும் பெயரையே ஒப்பிட்டு நோக்குவோம். அதுவும் தஸ்கீர் முறையில் அமைந்த நல்ல பெயரே. வெண்ணெய் என்னும் பொருளுடைய 'ஸுப்தா' என்பதன் குறுக்கம் அது. கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியாரின் இயற்பெயர் அமத்துல் அஸீஸ் என்பதாகும். குழந்தைப் பருவத்தில் பாட்டனார் கலீஃபா மன்சூர் செல்லமாக அழைத்த பெயரே ஸுபைதா. கி.பி. 831இல் மறைந்த அவ்வரசியார் மக்காவிற்கு நீர் கொணர்ந்த கால்வாயும், ஹஜ் பயணிகளுக்காக இராக்கிலிருந்து செப்பனிட்ட பெருவழியும் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஆயிரத்தோரு இரவுக் கதைகளும் அப்பெயரைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றன.

ருஃபைதாவுக்கோ அரண்மனை இல்லை, கதை இல்லை. வரலாற்று நூல்களில் அவரைப் பற்றிக் கிடைப்பவை சில வரிகளே. போதாக்குறைக்கு, வேறு சில பழைய நூல்கள் இதே கூடாரப் பணியை 'குஅய்பா பின்த் ஸஅத்' என்னும் அஸ்லம் குலத்துப் பெண்மணிக்கு உரியதாகவும் குறிப்பிடுகின்றன. இருவரும் ஒருவரே என்பாரும், உடன்பிறந்தவர்கள் என்பாரும் உளர். தொண்டு செய்தவரின் பெயரைவிடத் தொண்டே மக்கள் நினைவில் முதன்மை பெற்றதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

அண்மைக் காலத்தில் செவிலியக் கல்வி வளர்ந்ததன் பயனாக இப்பெயர் மீண்டும் ஒளிபெற்று வருகிறது. புதுதில்லி ஜாமிஆ ஹம்தர்தின் செவிலியர் கல்லூரி ருஃபைதாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. பஹ்ரைனில் இயங்கும் அயர்லாந்து அரச அறுவை மருத்துவக் கல்லூரியின் பல்கலைக்கழகத்தில், நோயாளிகளைப் பேணுவதில் சிறந்து விளங்கும் செவிலிய மாணவர்க்கு இவர் பெயரால் பரிசு வழங்கப்படுகிறது. மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளிலும் இப்பெயரைப் பெண்மக்களுக்குச் சூட்டுகின்றனர். நம் வட்டாரத்தில் இன்னும் அரிய பெயராகவே இருப்பினும், இது அறியப்படாத பெயர் அன்று.

தமிழ் எழுத்தில் அரபுப் பெயர்

மாணவியின் நான்கு சான்றிதழ்களிலும் நான்கு வடிவங்கள் ஏன் வந்தன என்பதற்கு மொழியியலே விடை கூறும். தமிழில் ரகரம் மொழிக்கு முதலாகாது. ஆதலின் 'உ' முன்வந்து 'உருபைதா' என ஒலிப்பது பழைய வழக்கு. ஃபகர ஒலி தமிழுக்குரியதன்று. அதனைப் பகரமாக எழுதினால், உயிர்களின் இடையே நிற்கும் பகரம் மெலிந்து ஒலிக்கும். அதனால் ருஃபைதாவின் ஓசை ஸுபைதாவை நெருங்கிவிடுகிறது. கேட்பவர் தமக்குப் பழகிய பெயரையே எழுதிவிடுகிறார்.

பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயைய எழுதுவது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் நெறி. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் கதீஜா நாயகியாரைக் 'கதீசா' என்று பாடியது அந்நெறி பற்றியே. செய்யுளுக்கு அது அழகு. ஆயின் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவதற்கென்றே உள்ள சான்றிதழில், இரு வேறு பெயர்கள் ஒன்றாகிவிடுமானால் அது குறையேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஃபிர்அவ்னின் துணைவியார் பெயர் ஆஸியா. அரபு மொழியில் அவ்வடிவச் சொல்லுக்குக் காயம் ஆற்றுபவள், ஆறுதல் தருபவள் என்னும் பொருள் உண்டு. இதே போன்று ஒலிக்கும் வேறொரு சொல்லுக்கு 'மாறு செய்பவள்' என்று பொருள். அப்பெயர் கொண்டிருந்த பெண்மணி ஒருவருக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் 'ஜமீலா' என்று பெயர் மாற்றினார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படும் செய்தி. அரபு எழுத்தில் முற்றிலும் வேறுபட்ட இவ்விரு சொற்களும் தமிழில் எழுதும்போது ஒன்றாகவே தோன்றுகின்றன. ஆங்கில எழுத்திலும் இத்தகைய இடர் உண்டு. கொடுத்தல் என்னும் பொருளுடைய வேரும், 'மறுத்து ஒதுக்குதல்' என்னும் பொருளுடைய மற்றொரு வேரும் அவ்வெழுத்தில் வேறுபாடின்றி வந்துவிடும். 'ரமழான்', 'ஃபர்ளு' என ழகர ளகரங்களால் அவ்வரபு ஒலியைத் தனித்துக் காட்டிய நம் பெரியோர்களின் முறை இவ்விடத்தில் பெரிதும் துணைபுரிகிறது.

இவ்வகையில் அரபுத் தமிழ் எழுத்தின் அருமையையும் நினைக்க வேண்டும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) முதலான சான்றோர்கள் தமிழ்மொழியை அரபு எழுத்தில் எழுதினர். தமிழுக்கே உரிய ஒலிகளுக்கு அரபு எழுத்துகளில் குறியிட்டுப் புதிய வடிவங்களும் அமைந்திருந்தன. அதனால் தமிழும் சிதையாமல், பெயர்களின் அரபு வடிவமும் பிறழாமல் நின்றன. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியோர் இன்று அருகிவிட்டனர். எனினும் குழந்தையின் பெயரை முதன்முதலாகப் பதிவு செய்யும் நாளில் அதன் அரபு வடிவத்தையும் ஓர் ஏட்டில் எழுதி வைப்பது எவர்க்கும் இயலக்கூடியதே.

விண்ணப்பத்தின் முடிவு

இரண்டு வாரம் கழித்து மாணவி வந்தபோது இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். நெடுநேரம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், மறுநாள் தம் பாட்டியாரிடம் வினவியறிந்த செய்தியோடு திரும்பி வந்தார். அவர் பிறந்தபோது தாயின் உயிருக்கே இடர் நேர்ந்ததாம். அரசு மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் இரவெல்லாம் கண்விழித்துத் தாயையும் சேயையும் காத்தாராம். மக்தப் ஆசிரியராக இருந்த பாட்டனார் ஏழாம் நாளில் இப்பெயரைச் சூட்டியபோது, வீட்டார் எவரும் பொருள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இடுகுறி என்று நாங்கள் எண்ணியிருந்த பெயர் காரணப்பெயராக விளங்கிற்று. அன்று இருவருமாக அமர்ந்து விண்ணப்பம் எழுதினோம். பெயர் மாற்றத்திற்கு அன்று. நான்கு சான்றிதழ்களிலும் 'ருஃபைதா' என ஒரே வடிவில் திருத்தித் தருமாறு வேண்டும் விண்ணப்பம் அது. அலைச்சல் மிகுதி என்பதை அறிந்தே அவர் கையொப்பமிட்டார்.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் கூற விழைவது இதுவே. அரிய பெயரைத் தேடுவது தவறன்று. ஆனால் பொருளைத் தெளிவாக அறிந்து சூட்டுங்கள். அறிந்ததைக் குழந்தை வளர்ந்ததும் அதனிடம் சொல்லுங்கள். பெயரைச் சரியாக எழுதிவையுங்கள். மாணவமணிகளே, உங்கள் பெயரின் பொருளை இன்றே உங்கள் இல்லத்து மூத்தோரிடம் கேட்டறியுங்கள். சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுவிடுவது நன்று.